இன்னும் ஒன்பது மணி நேரம்

பக்கத்து சீட்டில் உட்காருவது எனக்கு ஆகாது. பத்தொன்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவள் நான். ஸ்டியரிங் இல்லாத நேரத்தில் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே எனக்குத் தெரிவதில்லை. அவை பாட்டுக்கு சீட் பெல்ட்டை இழுக்கும், கண்ணாடியைத் துடைக்கும், இல்லாத தூசியைத் தட்டும். கால் அதைவிட மோசம். பிரேக்கே இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து, காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பு நைந்து போய்விட்டது.

ஸ்டியரிங்கில் இருந்தவள் என் மகள். பதினெட்டு முடிந்து நான்கு மாதம். கையில் பழகுநர் உரிமம், எங்கள் காரின் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்து அட்டை. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் அவள் வண்டியை எடுக்கலாம். அப்படி நாற்பது மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பக்கத்தில் இருந்தவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் டெஸ்ட்டுக்கே விடுவார்கள். முப்பத்தொரு மணி நேரம் முடிந்திருந்தது. டெஸ்ட்டுக்கு இன்னும் பதினாறு நாள்.

அந்த டெஸ்ட்டில்தான் அவளுடைய எல்லாமே இருந்தது. நில அளவைப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இருநூறு பேர் போட்டி போட்டதில் பன்னிரண்டு இடம், அதில் ஒன்று இவளுக்கு. அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு இவள் வீட்டுக்குள் நடக்கவே இல்லை, குதித்துக்கொண்டுதான் இருந்தாள். கடிதத்தின் கடைசி வரி கொட்டை எழுத்தில் இருந்தது: சேரும் நாளன்று ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

டிரைவிங் ஸ்கூலில் மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். வீட்டில் லைசென்ஸ் உள்ள இன்னொரு ஆளும் கிடையாது. என் வீட்டுக்காரர் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறார். அரிசியளவு பல்லை நுணுக்கமாகச் செதுக்குகிற அந்தக் கைக்கு ஸ்டியரிங் மட்டும் பிடிபடவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை எங்கள் வண்டியைப் பின்னால் எடுத்தார். எதிர்வீட்டு கேட் வண்டியோடு சேர்ந்து வந்தது. அன்றோடு அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டார். ஆக, நான்தான்.

டிப்போவில் எனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியேதான் நானும் கற்றுக்கொடுத்தேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிற டிரைவர் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். அவர் விட்டதைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். வாய் நின்றால் கவனம் நின்றது என்று அர்த்தம். அதனால் எங்கள் வண்டிக்குள் எப்போதும் சந்தை இரைச்சல்தான்.

"முன்னாடி வெள்ளை வேன், பிரேக் போடறான். ஓரமா நிக்கிற வண்டியில ஆள் இருக்கு, கதவைத் திறக்கலாம். சைக்கிள் ஒண்ணு. சைக்கிள் மேல மூட்டை" என்பாள் அவள்.

"சைக்கிளுக்குப் பின்னாடி நாய்" என்பேன் நான்.

"நாய் தூங்குதும்மா."

"தூங்கற நாய் எழுந்திருக்காதா?"

பஸ்காரி சொல்லிக்கொடுத்தால் பஸ்ஸாகத்தான் ஓட்டுவாள். அந்தச் சின்ன வண்டியை வைத்துக்கொண்டு, நாற்பது அடி நீளம் பின்னால் வருகிற மாதிரி ஒவ்வொரு முனையிலும் அகலமாக வளைப்பாள். பஸ் ஸ்டாப்பைக் கண்டால் கால் தானாக வேகத்தைக் குறைத்துவிடும். ஒரு தடவை ஸ்டாப்பில் நின்றிருந்த அம்மாள் ஒருத்தி, இவள் மெதுவாக வருவதைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தது போதும்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு சிக்னலில் பஸ்ஸோடு நின்றுகொண்டிருந்தேன். சிவப்பு. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் பின்னால் ஏகப்பட்ட ஹாரன், பச்சை விழுந்து எத்தனை நேரமானதோ தெரியவில்லை. நான் தூங்கவில்லை. தூங்கினால் தலை சாயும், கழுத்து வலிக்கும், எழுந்த உணர்வாவது இருக்கும். இது அப்படியில்லை. நடுவில் ஒரு துண்டு நேரத்தை யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு கீறல் போடாதவள் நான்.

அடுத்த வாரமும் வந்தது, டீக்கடையில். அதற்கடுத்த வாரம் வீட்டில் பாத்திரம் கழுவும்போது. குழாயில் தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். முதல் வேலையாக லைசென்ஸைப் பிடுங்குவார்கள். என் லைசென்ஸ் போனால் மகளுக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஆளில்லாவிட்டால் மணி நேரம் நிரம்பாது. நிரம்பாவிட்டால் டெஸ்ட் இல்லை, பயிற்சி இல்லை. பன்னிரண்டில் ஒரு இடம் அடுத்தவருக்குப் போய்விடும். டிப்போவின் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை அடுத்த மாதம்தான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம், இவள் டெஸ்ட் முடிந்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. அதில் என் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மட்டும் இல்லை.

அதற்காக நான் நிம்மதியாக ஓட்டினேன் என்று நினைக்க வேண்டாம். தொடையைக் கிள்ளிக்கொள்வேன். நாக்கில் மிளகைப் போட்டு அடக்கிக்கொள்வேன். பேசிக்கொண்டே இருந்தால் விட்டுப்போகாது என்று எனக்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து, பஸ்ஸிலும் கண்ணில் படுவதையெல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்தேன். "பாவம், வீட்டுல என்ன கஷ்டமோ" என்று முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

கூட்டம் குறைவான தடத்தைக் கொடுங்கள் என்று அட்டவணையிடம் கேட்டேன். யாருக்கு எந்த வண்டி என்று போடுகிறவருக்கு எங்கள் டிப்போவில் அட்டவணை என்றே பெயர். "உனக்கென்ன ஆச்சு? நீதான் கூட்டம் இல்லாத பஸ் பஸ்ஸே இல்லைன்னு சொல்லுவே" என்றார். சிரித்து மழுப்பினேன். அவர் என்னை ஆஸ்பத்திரித் தடத்தில் போட்டார். அதில் பள்ளிக்கூடம் இரண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாங்கள் கிளம்பினோம். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டால் பாக்கி ஏழாகும். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னை மகள் ஒரு மாதிரி பார்த்தாள்.

"நேத்து தூங்கினியாம்மா?"

"நல்லாத் தூங்கினேன். நீ என் தூக்கத்தைப் பார்க்காதே, கண்ணாடியைப் பாரு."

கிடங்குகள் இருக்கிற பக்கமாகப் போனோம். ஞாயிறு என்பதால் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. அவள் நன்றாக ஓட்டினாள். நான்தான் ஒரு நிலையில் இல்லை. ஜன்னலை இறக்கினேன், ஏற்றினேன். சீட்டை முன்னால் இழுத்தேன், பின்னால் தள்ளினேன்.

"கொஞ்சம் சும்மா இரேம்மா. நீ ஆடறதுல எனக்குக் கை ஆடுது."

"டெஸ்ட் எடுக்கறவரும் ஆடினா என்ன பண்ணுவே?"

"அவர் உன்னளவுக்கு ஆட மாட்டார்."

அந்த ரோடு ஒரு பெரிய ரவுண்டானாவில் போய் முட்டும். நாலு பக்கமும் லாரி வரும் இடம். ரவுண்டானாவில் மட்டும் எங்களுக்குள் தனி ஏற்பாடு. அவள் பார்ப்பதைச் சொல்லுவாள், நான் "போ" என்றதும்தான் நுழைவாள். ஆரம்பத்தில் பயத்துக்காக வைத்த ஏற்பாடு. முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியும் நான் அதை விடவில்லை. அவளும் கேட்கவில்லை.

"பைக் போயிடுச்சு. நீலக் கார் வெளியே திரும்பறான். அந்தப் பக்கம் லாரி" என்றாள்.

"லாரி வேகமா வருது. அது போனதும்" என்று ஆரம்பித்தேன்.

வண்டி ஒரு டயர் கடை முன்னால் நின்றிருந்தது. நாலு விளக்கும் டிக் டிக்கென்று மினுக்கிக்கொண்டிருந்தன. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. மகள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ரவுண்டானா எங்களுக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மாட்டிக்கொண்டால் எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம்.

"இங்க எதுக்குடி நிறுத்தினே? நான் போன்னு சொல்லாம எப்படி உள்ள நுழைஞ்சே?"

"பின்னாடி ஹாரன் அடிச்சாங்க. லாரி போயிடுச்சு, வழி இருந்தது, வந்துட்டேன்." அவள் குரல் நடுங்கவில்லை. "நீ என்ன சொல்லிட்டிருந்தேம்மா?"

"லாரி போனதும் போன்னு சொல்ல வந்தேன்."

"அதுக்கப்புறம்?"

டயர் கடைப் பலகையில் இருந்த எழுத்துகளை இரண்டு தடவை படித்தேன்.

"இன்னிக்கு ஒரு நிமிஷத்துக்கு மேலயே இருக்கும். கூப்பிட்டேன், கையைப் பிடிச்சு ஆட்டினேன். கண்ணு திறந்துதான் இருந்தது. நீ இல்ல. போன வாரம்லாம் நாலு, அஞ்சு செகண்ட்தான் வரும்" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"போன வாரமா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்கூட இருக்கும்போது இதோட ஆறு தடவை. பேசிட்டே இருப்பே, பாதியில நிக்கும். அப்புறம் வேற எதையோ சொல்லுவே. முதல் தடவை என்மேல கோவம்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை புரிஞ்சிடுச்சு. மூணு வாரமாத் தெரியும்."

மூணு வாரம். அந்த மூன்று வாரத்தில் நான் பதினெட்டு நாள் பஸ் எடுத்திருக்கிறேன். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது.

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தியா? காலையில அஞ்சே முக்காலுக்கு நான் கிளம்பும்போது வாசல்ல நின்னு டாட்டா காட்டினியேடி. அந்தப் பஸ்ல எத்தனை பேர் ஏறுவாங்கன்னு தெரியுமா உனக்கு? ஸ்கூல் பசங்க ஏறுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க ஏறுவாங்க. நீயெல்லாம்" என்று கத்தினேன்.

"நீயும் தெரிஞ்சுதானே ஏத்தினே?"

அதை அவள் எதிர்த்துப் பேசுகிற தொனியில் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டாள். நாலு விளக்கும் இன்னும் டிக் டிக்கென்று மினுக்கிக்கொண்டிருந்தன.

"சொல்லணும்னு தினம் நினைப்பேன். அப்புறம் எத்தனை மணி நேரம் பாக்கின்னு எண்ணுவேன். இருபது இருந்தது. பதினஞ்சு இருந்தது. சொன்னா நீ லைசென்ஸைக் கொடுத்துடுவே, எனக்கு யார் வந்து உட்காருவாங்க? இன்னும் கொஞ்ச நாள்தானே, அதுக்குள்ள ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீ சாயங்காலம் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காதும்மா. செருப்புச் சத்தம் கேட்டப்புறம்தான் சாப்பிடுவேன்."

நான் போட்ட அதே கணக்கு. ஒரு எண் கூட மாறவில்லை. ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாக அதையே போட்டிருக்கிறோம். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை இந்தக் கணக்குக்குள் இழுத்துவிட்டது நான்தான். இவள் வயசில் ஒரு பிள்ளை பயப்பட வேண்டியது தன் டெஸ்ட்டுக்குத்தானே தவிர, தன் அம்மாவின் பஸ்ஸுக்கு இல்லை.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். கறுத்த கையோடு டயர் கடைக்காரர்.

"வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுங்க. ஷட்டரை மறைச்சிட்டு நிக்குது. சாமான் இறக்கணும்."

மகள் சாவியைப் போடப் போனாள். அவள் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம். பக்கத்துல ஆள் இல்ல."

"நீ இருக்கியேம்மா."

"நான் இல்லேன்னு இப்பத்தானே நீயே சொன்னே."

கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் எடுங்கம்மா" என்றார் பொறுமையாக.

பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவளுக்கு ஒரு காரைப் பத்தடி நகர்த்த வழியில்லை. "எங்க ரெண்டு பேராலயும் முடியாது. நீங்களே எடுத்து ஓரமாப் போட்டுடுங்க, சாயங்காலம் யாரையாவது அனுப்பறேன்" என்று சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். நாங்கள் இறங்கி நின்றோம். அவர் ஒரே திருப்பில் வண்டியைச் சுவரோரம் ஒட்டிப் போட்டதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா ஒரு வண்டியை ஒதுக்கியதற்கு ஒருத்தி அழுவதை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

பஸ் ஸ்டாப் கொஞ்ச தூரத்தில் இருந்தது. நடந்தோம். மகள் என் கையைக் கோர்த்துக்கொண்டாள். அது பாசமா, நான் நடுரோட்டில் நின்றுவிடுவேன் என்ற பயமா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். நானும் கையை விடுவிக்கவில்லை.

ஸ்டாப்பில் யாருமில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். நாளைக் காலை அஞ்சே முக்கால் வண்டி என்னுடையது. ஃபோனை எடுத்தேன். அட்டவணை ஞாயிற்றுக்கிழமையும் டிப்போவில்தான் இருப்பார். வீட்டில் இருந்தால் அவருக்குக் கை உதறும்.

"நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆளைப் போட்டுடுங்க" என்றேன்.

"ஏன், காய்ச்சலா?"

எவ்வளவு வசதியான வார்த்தை. ஆமாம் என்றால் மூன்று நாள் கிடைக்கும். மூன்று நாளில் அந்த ஒன்பது மணி நேரத்தையும் ஓட்டிவிடலாம். மகள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டிருந்தேன். அவளுக்கும் அது காதில் விழுந்தது. அவள் முகத்தில் அந்தக் கணக்கு ஒரு ஓட்டம் ஓடி முடிந்ததை நான் பார்த்தேன். தலையை மட்டும் மெல்ல இல்லை என்று ஆட்டினாள்.

"காய்ச்சல் இல்ல சார். எனக்கு நடுவுல நடுவுல நினைவு போகுது. வண்டி ஓட்டும்போதும் போயிருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் பேனா கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளா?"

"ஆறு வாரமா."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆறு வாரம்" என்று மட்டும் ஒரு தடவை திருப்பிச் சொன்னார். "நாளைக்குக் காலையில லைசென்ஸை எடுத்துட்டு நேரா ஆபீசுக்கு வா. எழுதிக் கொடுக்கணும். விசாரணை வரும், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் சார்."

"வீட்டுல யாருக்காவது இது தெரியுமா?"

பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். பதினெட்டு வயசு. உள்ளங்கையில் ஸ்டியரிங் அழுத்திய சிவப்பு இன்னும் போகவில்லை.

"யாருக்கும் தெரியாது சார். நான் சொல்லவே இல்ல" என்றேன்.

மகள் என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள்.

"எனக்குத் தெரியும் சார். நான் அவங்க பொண்ணு பேசறேன். மூணு வாரமா எனக்குத் தெரியும்" என்றாள்.